பெடல் லேசாச்சு, கியர் விழல

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள ஜீப்பில் ரிவர்ஸ் போடும்போது கறகறவென்று கத்தினால் நம்ம பக்கம் முதலில் வரும் பேச்சு "ஏர் புடிச்சிருக்கு", அதாவது கிளட்ச் ஆயிலில் காற்று புகுந்துவிட்டது. அது போகவில்லை என்றால் "கிட் மாத்தணும்", அதாவது சிலிண்டரின் ரப்பர் சீல்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் "கியர்பாக்ஸ இறக்கிடலாம்". என் வண்டி முதல் இரண்டையும் பார்த்துவிட்டது, மூன்றாவதுக்கு நாள் குறித்திருந்த நேரத்தில் ஒரு ஸ்கேலும், விட்டம் அளக்கிற ஒரு வெர்னியரும் வந்து காப்பாற்றின. என்ன நடந்தது, எதைப் பார்த்து எதைக் கண்டுபிடித்தோம் என்று எழுதி வைத்தால் இதே தலைவலியில் இருக்கிற யாருக்காவது உதவும்.

வண்டி பழைய டீசல் ஜீப், ஃபோர் வீல் டிரைவ். வீடு சென்னை தண்டையார்பேட்டை. வார நாட்களில் எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நகர்வது, லீவு கிடைத்தால் பழவேற்காடு பக்கம் மணல் பாதையில் இறங்குவது, இவ்வளவுதான் அதன் வாழ்க்கை. இரண்டுமே கிளட்ச்சுக்கு ஆகாது, அதிலும் மணலை விட கண்டெய்னர் வரிசை மோசம் என்பது என் கருத்து. மணலில் லோ ரேஞ்ச் போட்டு ஒரே கியரில் விட்டுவிடலாம். இங்கே பத்தடிக்கு ஒரு தடவை மிதிக்க வேண்டும்.

ஹைட்ராலிக் கிளட்ச்சில் பெடலை மிதித்தால் மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஆயிலை (பிரேக் ஆயில்தான்) ஹோஸ் வழியாகக் கீழே ஸ்லேவ் சிலிண்டருக்குத் தள்ளும், ஸ்லேவின் தண்டு கிளட்ச் ஃபோர்க் என்ற நெம்புகோலைத் தள்ளி கிளட்ச்சை விடவைக்கும். முதல் கோளாறு எளிது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஃபர்ஸ்ட் போட்டு கிளட்ச்சை மிதித்தபடி நின்றால் கொஞ்ச நேரத்தில் வண்டி தானாக முன்னால் ஊர ஆரம்பிக்கும். பெடலை விட்டு மறுபடி இரண்டு தடவை வேகமாக மிதித்தால் சரியாகிவிடும். கீழே எங்கும் ஒழுகல் இல்லை, மாஸ்டருக்கு ஆயில் கொடுக்கிற டப்பாவில் மட்டமும் இறங்கவில்லை. இப்படி இருந்தால் பெரும்பாலும் மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் தேய்ந்திருக்கும். நாம் மிதித்து வைத்திருக்கிற அழுத்தம் அந்த சீலைத் தாண்டித் திரும்ப டப்பாவுக்கே போய்விடும், அதனால்தான் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. மெக்கானிக் பாய் (மூலக்கடை பக்கம் பட்டறை, ஜீப் வேலையில் ஊறியவர்) பார்த்த உடனே சொல்லிவிட்டார். "தம்பி, மாஸ்டர் போச்சு. கீழ இருக்கிற ஸ்லேவும் அதே வயசு தான், ரெண்டையும் சேர்த்து மாத்திடுவோம், இல்லாட்டி அடுத்த மாசம் அது அழும்." நியாயமான பேச்சு. இரண்டும் புதுசு வாங்கிப் போட்டார்கள்.

போட்டதும் பெடல் அவ்வளவு லேசாகிவிட்டது. பட்டறைப் பையன் மிதித்துப் பார்த்து "அண்ணா, வெண்ணெய் மாதிரி இருக்குது" என்றான். எல்லாருக்கும் சந்தோஷம். அந்த லேசுதான் முழுக் கதையும், ஆனால் அப்போது அதை யாரும் கோளாறாக எண்ணவில்லை, பெடல் லேசாக இருக்கிறதே என்று எவன் புகார் சொல்வான்?

காலையில் குளிர்ந்த வண்டியில் கியர் ஒழுங்காக விழும். சத்யமூர்த்தி நகர் தாண்டி நெரிசலில் மாட்டி, பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கிற கூடு) சூடேறிய பிறகு ரிவர்ஸ் கத்தும். ஃபர்ஸ்ட் போட கையால் தள்ள வேண்டும். பாய் மறுபடி ஏர் எடுத்தார், அதாவது ஆயிலில் காற்று இருந்தால் வெளியேற்றப் பார்த்தார். ஒரு குமிழி கூட வரவில்லை. ரெண்டு நாள் சரி, திரும்ப அதே கத்தல். மறுபடி ஏர். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். "அதே பிரச்சினை திரும்ப வந்துடுச்சு" என்று எல்லாரும் சொன்னார்கள், ஆனால் அது அதே பிரச்சினை இல்லை. முன்பு பம்ப் அடித்தால் (பெடலைத் திரும்பத் திரும்ப வேகமாக மிதித்தால்) சரியாகும், இப்போது எத்தனை தடவை பம்ப் அடித்தாலும் ஒரு மாற்றமும் இல்லை. முன்பு மிதித்து வைத்திருந்தால் ஊரும், இப்போது மிதித்த இடத்திலேயே பெடல் நிற்கிறது. கத்தல் ஒன்றாக இருந்தாலும் நடத்தை வேறு. பம்ப் அடித்தால் மேம்படுகிறது என்றால் காற்றையோ மாஸ்டர் சீலையோ சந்தேகப்படலாம். பம்ப் அடித்தும் அசையாமல் அப்படியே இருக்கிறது என்றால் காற்று இல்லை, அதற்கு மேல் ஏர் எடுப்பது பிரேக் ஆயிலுக்குப் பிடித்த தண்டம்.

பாயின் அடுத்த சந்தேகம் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் இந்த வண்டி எர்ணாவூர் பக்கம் எண்ணெய் மிதந்த தண்ணீரில் நன்றாக இறங்கி ஏறியிருக்கிறது. பெல் ஹவுசிங்குக்குள் தண்ணீர் போயிருந்தால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பற்களில் துரு ஏறி கிளட்ச் பிளேட் வழுக்கி நகராமல் ஒட்டிக்கொள்ளும். அல்லது ஃப்ளைவீல் நடுவில் ஷாஃப்ட் நுனியைத் தாங்குகிற ஸ்பிகாட் பேரிங் இறுகிப்போய், கிளட்ச் விட்டாலும் ஷாஃப்ட்டை இழுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் வெளியே தெரிவது ஒன்றுதான்: ரிவர்ஸ் கத்தும். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஃபோர் வீல் டிரைவில் கியர்பாக்ஸை இறக்குவது என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னும் பின்னும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், குறுக்குச் சட்டம் எல்லாம் கழற்ற வேண்டும், கூலி மட்டும் நல்ல தொகை. இறக்கிப் பார்த்து "உள்ள நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் அந்தப் பணம் கோவிந்தா. அதனால், பாய், ஒரு நாள் பொறுங்கள், முதலில் அளந்து பார்ப்போம் என்றேன். அவர் சிரித்தார். மறுக்கவில்லை.

முதல் பார்வை மாஸ்டர். கீழே ஸ்லேவுக்குப் போகும் ரப்பர் ஹோஸை, ஓரம் மழுங்கிய கிளாம்ப்பால் துணி சுற்றி மெதுவாக நெரித்துப் பெடலை மிதித்தோம். உச்சியிலேயே கல்லாக நின்றது. அப்படியென்றால் மாஸ்டர் நன்றாக அழுத்துகிறது, மேல்பாதியில் காற்றும் இல்லை. (பழைய, வெடித்த ஹோஸை இப்படி நெரிக்காதீர்கள், உள்பக்க ரப்பர் பிய்ந்து அதுவே அடைப்பாகிவிடும்.) கிளாம்ப்பை எடுத்துவிட்டு பையன் மிதிக்கும்போது ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தேன். உப்பலே இல்லை. ஹோஸ் உப்பினால் ஆயில் அதிலேயே இடம் பிடித்துக்கொள்ளும், ஸ்லேவுக்குப் போய்ச் சேராது.

அடுத்தது ஸ்லேவ் தண்டு எவ்வளவு நகர்கிறது என்பது. இதுதான் முழுச் சோதனையிலும் முக்கியமானது, செலவு ஒரு பத்து ரூபாய் ஸ்கேல். ஸ்லேவ் வெளியே இருக்கிற வண்டி எதிலும் செய்யலாம். கிளட்ச் ஃபோர்க்கின் நுனியில் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு, பக்கத்தில் ஸ்கேலைக் கம்பியால் கட்டிவிட்டு, எஞ்சினை அணைத்து, ஒருத்தர் பெடலைத் தரைவரை மிதிக்க இன்னொருத்தர் கீழிருந்து டார்ச் அடித்துப் படிக்க வேண்டும். 12 மி.மீ. மறுபடி மிதித்தாலும் 12. பம்ப் அடித்து மிதித்தாலும் 12.

12 போதுமா போதாதா? மணலியில் இதே வண்டி வைத்திருக்கிற நண்பனுக்கு போன் போட்டேன். "மச்சி, உன் வண்டிக்கு அடியில படுக்கணும்" என்றதற்கு முதலில் திட்டினான், அப்புறம் பெடலையும் அவனே மிதித்தான். அவன் வண்டியில் 16. புத்தகத்தில் தேடி மண்டையை உடைத்துக்கொள்வதை விட, நன்றாக ஓடுகிற அதே மாடல் வண்டி ஒன்றை அளந்துவிடுவது சுலபம்.

நான்கு மில்லி எங்கே போச்சு என்று தேடுவதற்கு முன் கியர்பாக்ஸ் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் பாய்க்கு மனசு ஆறாது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, டூ வீல் டிரைவில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, எஞ்சின் அணைத்து, சாவியை என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, டாப் கியர் போட்டோம். பையன் கிளட்ச்சை முழுதாக மிதிக்க, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினேன். நகர்கிறது, ஆனால் இறுக்கமாக, பிடித்துப் பிடித்து. இப்போது பாய் ஒரு நீளக் கடப்பாரையை ஃபோர்க்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் கொடுத்து ஃபோர்க்கை இன்னும் கொஞ்சம் தள்ளினார். சக்கரம் சட்டென்று விடுதலையாகிச் சுற்றியது. பாய் கடப்பாரையைத் தளர்த்தினால் இறுகும், தள்ளினால் விடும். ஸ்பிகாட் பேரிங் இறுகியிருந்தால் ஃபோர்க்கை எவ்வளவு தள்ளினாலும் இழுவை போகாது. ஷாஃப்ட் பற்களில் துரு ஏறி பிளேட் ஒட்டியிருந்தாலும் இப்படி உடனே விடாது. ஆக உள்ளே கிளட்ச் சுத்தம், அதற்குத் தேவையான தள்ளல்தான் வந்து சேரவில்லை. பாய் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு "அப்ப ஏன்பா?" என்றார்.

பழைய ஸ்லேவ் பட்டறை மூலையில் பழைய இரும்பு டப்பாவில் கிடந்தது. எடுத்துப் புதுசுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். போல்ட் துளை ஒன்றே, ஹோஸ் மரை ஒன்றே, நீளம் ஒன்றே, ரப்பர் பூட் கூட அதே. பழையதன் உடம்பில் மண்ணும் கிரீஸும் அப்பியிருந்த இடத்தைக் கட்டை விரலால் தேய்த்தபோது வார்ப்பிலேயே மேடாக 3/4 என்று இருந்தது. டார்ச்சைத் திருப்பி வண்டியில் மாட்டியிருந்த புதியதில் அதே இடத்தைத் துடைத்தால் 7/8. நம்பாமல் கழற்றி வெர்னியர் போட்டோம். பழையதன் உள்விட்டம் 19 மி.மீ. சொச்சம், புதியது 22 சொச்சம்.

மூன்று மில்லிதானே என்று தோன்றும். ஆனால் ஆயிலுக்கு விட்டம் கணக்கில்லை, பரப்பளவுதான் கணக்கு, அதாவது விட்டத்தின் வர்க்கம். என் மாஸ்டர் 5/8 அங்குலம், அதாவது 15.87 மி.மீ. மாஸ்டர் தண்டு 24 மி.மீ. உள்ளே போனால் எவ்வளவு ஆயிலைத் தள்ளுமோ அவ்வளவுதான் கீழே வரும். அந்த ஆயில் 3/4 அங்குல ஸ்லேவில் தண்டைச் சுமார் 16.7 மி.மீ. தள்ளும், 7/8 அங்குல ஸ்லேவில் 12.2 தான் தள்ளும். நண்பன் வண்டியில் 16, என் வண்டியில் 12. கணக்கு அப்படியே உட்கார்ந்தது.

பெடல் லேசானதும் இதனால்தான். பரப்பளவு கூடினால் அதே அழுத்தத்துக்குத் தள்ளும் பலம் கூடும், அதனால் காலுக்கு லேசு. பலம் கூடினால் தூரம் குறையும், இரண்டும் சேர்ந்து கிடைக்காது. சிலிண்டர் மாற்றிய பிறகு பெடல் பழையதை விட லேசாகிவிட்டதென்றால் சந்தோஷப்படுவதற்கு முன் விட்டத்தைப் பாருங்கள். குளிர்ந்த வண்டியில் 12 மி.மீ. எப்படியோ விளிம்பில் கிளட்ச்சை விடவைத்தது. சூடேறி பிளேட்டும் அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டும் கொஞ்சம் நெளிந்ததும் அந்த விளிம்பும் போய் உரச ஆரம்பித்துவிட்டது. ரெண்டு நாள் சரி, மூன்றாம் நாள் கத்தல் என்று நடந்தது அதனால்தான், அது ஏர் எடுத்ததன் பலன் இல்லை, அந்த நாளின் நெரிசலைப் பொறுத்தது.

ஸ்பேர் கடைக்காரரைத் திட்டவும் வழியில்லை. அவர் கொடுத்தது டூப்ளிகேட் இல்லை, அதே ஜீப்பின் வேறொரு மாடலுக்கு உரியது, அதில் மாஸ்டரே 3/4 அங்குலம். அந்த ஜோடியில் அது ஒழுங்காக வேலை செய்யும். மாஸ்டரும் ஸ்லேவும் ஜோடி, ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் வம்பு. கடைக்குப் போகும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய், மேலே எழுதியிருக்கும் அளவையும் காட்ட வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடானாலும் சரி, புதுப்பேட்டையானாலும் சரி, "அதே தான் சார்" என்பதற்கு வெர்னியர்தான் பதில்.

இதற்கு நடுவில் பட்டறைக்கு வந்துபோன ஒருவர் நல்லெண்ணத்தில் ஒரு யோசனை சொன்னார்: ஸ்லேவ் தண்டை நீளமாக வெல்டு வைத்தால் தூரம் கூடிவிடுமாம். தயவுசெய்து செய்யாதீர்கள். தண்டு எவ்வளவு நீளமானாலும் வருகிற ஆயில் அதே அளவு, நகர்வும் அதே அளவு. நீளம் கூடிய தண்டு பிஸ்டனைச் சிலிண்டரின் அடிவரை தள்ளிக்கொண்டு நிற்கும், ஃபோர்க் தள்ளுகிற ரிலீஸ் பேரிங் எப்போதும் பிரஷர் பிளேட்டை அழுத்தியபடி சுற்றும், கொஞ்ச நாளில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்து உண்மையாகவே கியர்பாக்ஸை இறக்க வைத்துவிடும். மேலே மாஸ்டர் தண்டிலும் இதே ஆபத்து உண்டு. பெடலை விட்ட நிலையில் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். அந்த ஆட்டத்தையும் சரிக்கட்டி இறுக்கிவிட்டால் ஆயில் டப்பாவுக்குத் திரும்புகிற சின்னத் துளை மூடியே இருக்கும், சூட்டில் ஆயில் விரிந்து போக இடமில்லாமல் கிளட்ச்சைத் தானாகவே மிதிக்க ஆரம்பிக்கும்.

சரியான 3/4 ஸ்லேவ் வந்து மாட்டியபோது பாய் ஒன்றைக் கவனித்தார், எனக்கு அது தோன்றியிருக்காது. ஸ்லேவின் தலையில் ஒரே மாதிரி இரண்டு துளை. ஒன்றில் ஹோஸ், இன்னொன்றில் ஏர் எடுக்கும் நிப்பிள். பையன் நிப்பிளைக் கீழ்த்துளையில் மாட்டியிருந்தான். மாட்டினால் ஒழுகாது, ஆயிலும் வரும், ஆனால் காற்று மேலே போய்த் தங்கிவிடும், எத்தனை லிட்டர் ஊற்றினாலும் வெளியே வராது. நிப்பிள் எப்போதும் உச்சியில். ஏர் எடுக்கிற வேலையை மேலிருந்து கீழே செய்யாமல் தலைகீழாகச் செய்தோம்: மெடிக்கலில் வாங்கிய பெரிய சிரிஞ்ச், அதில் ஒரு பிளாஸ்டிக் குழாய், நிப்பிள் வழியாக மெதுவாக ஆயிலை மேல்நோக்கித் தள்ளினால் காற்று தன் இயல்புப்படி மேலேறி மாஸ்டர் வழியாக டப்பாவுக்கு வந்துவிடும். டப்பா நிரம்பி வழியாமல் ஒருத்தர் மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அளந்தால் 15. ஒரு மில்லி இன்னும் பாக்கி. விட்டுவிடலாம் என்றார் பாய், கியர் நன்றாகத்தானே விழுகிறது என்று. எனக்கு மனசு கேட்கவில்லை, டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பார்த்தால் பெடலையும் மாஸ்டர் தண்டையும் இணைக்கும் பின் வழுவழுவென்று ஒரு பக்கம் தேய்ந்து, பெடலில் உள்ள துளை முட்டை வடிவமாகியிருந்தது. இந்த இடத்தில் ஒன்றரை மில்லி ஆட்டம் என்றால் ஸ்லேவில் ஒரு மில்லி காலி. பெடல் நெம்புகோலாக இருப்பதால் காலடியில் அது எட்டொன்பது மில்லி வெறும் மிதியாகத் தெரியும், நாம் "பெடல் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு, பழைய வண்டிதானே" என்று விட்டுவிடுவோம். கொடுங்கையூரில் ஒரு லேத் பட்டறையில் துளையை அடைத்து, புஷ் போட்டு, புதுப் பின் கடைந்து கொடுத்தார்கள். இப்போது 16. பெடலைத் தாங்குகிற பிராக்கெட்டில் வெடிப்பு இருக்கிறதா என்றும் அதே சமயம் பார்த்துவிடுங்கள், மிதிக்கும்போது பெடல் பெட்டியே அசைகிறதா என்று கையை வைத்தால் தெரிந்துவிடும்.

ஆயில் பற்றி ஒரு வார்த்தை, அதிலும் நம்ம பக்கம் இருப்பவர்களுக்கு. டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைகால் வகை, காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியதற்கு 155 டிகிரிதான் வரம்பு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை இருக்கிற உப்புக் காற்றுக்கு டப்பா மூடியில் ரப்பர் வாஷர் கிழிந்திருந்தால் போதும், சிலிண்டர் உள்ளே துருப்பிடித்துப் புது சீலையும் கீறிவிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன், மணலில் அதிகம் ஓடினால் அதற்கு முன்பே. பழைய பாட்டிலில் பாதி மிச்சம் இருந்ததை ஊற்றுவதில்லை. சிலிண்டரைக் கழுவ டீசலோ பெட்ரோலோ தொடவே கூடாது, சீல் ஊறி உப்பிப்போகும், பிரேக் ஆயிலாலேயே கழுவலாம். கடற்கரை மணலில் போய் வந்தால் அடியில் நல்ல தண்ணீர் அடித்துவிட்டு நிப்பிளுக்கு ரப்பர் மூடி இருக்கிறதா பாருங்கள். மூடி இல்லாமல் துருவேறிய நிப்பிளைத் திருகும்போது முறிந்தால் ஸ்லேவே போய்விடும், முதலில் துரு எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஆறுமுக சாக்கெட் போட்டுத்தான் திருக வேண்டும்.

இப்போது ரிவர்ஸ் கத்தல் இல்லை, சூடேறினாலும் இல்லை. பெடல் மட்டும் பழையபடி கனம், எண்ணூர் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால் இடது முட்டி வலிக்கிறது. பையன் மிதித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான். பாய் அந்த 7/8 ஸ்லேவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் தனக்கென்று ஒரு வெர்னியர் வாங்கி வந்திருக்கிறார், என்னுடையதை இன்னும் திருப்பித் தரவில்லை.